புதிய வேளாண் தொழில்நுட்பம்: கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டம் ஒரே மாதிரியான ஊர் இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் வீராணம் ஏரித் தண்ணீரில் சம்பா நெல்லும் அதன் பின்னால் உளுந்தும், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு, பண்ருட்டி செம்மண்ணில் முந்திரியும் பலாவும், விருத்தாசலம் தாண்டினால் மானாவாரி. அதனால் "விவசாயிகள் புதுத் தொழில்நுட்பத்தை ஏற்கிறார்களா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வேளாண்மை படிக்கும் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து திரும்பி நிலத்தில் இறங்க நினைப்பவர்களும், பக்கத்து வயல்காரர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நல்லது என்று தெரிந்தும் விவசாயி ஏன் உடனே மாறுவதில்லை?

நட்டம் வந்தால் அவர் ஒருவர்தான் தாங்க வேண்டும், அதனால்தான். யோசனை சொன்ன அலுவலருக்கு அந்த மாதச் சம்பளம் வந்துவிடும், ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பாத்தி போனால் அடுத்த பருவத்துக்கு இன்னொரு பாத்தி இருக்கும், ஆனால் இரண்டு காணி (எங்கள் பக்கம் ஒரு காணி 1.32 ஏக்கர்) வைத்திருப்பவருக்கு ஒரு சம்பா போனால் வீட்டு நகை அடகுக்குப் போகும், அது திரும்பி வர எத்தனை அறுப்பு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவர் காத்திருப்பதைப் படிப்பறிவு இல்லாததாகவும் பழமையில் ஊறியதாகவும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதே மனிதர்தான் அறுவடை வண்டியை ஏற்றுக்கொண்டார், களைக்கொல்லியை ஏற்றுக்கொண்டார், கையில் செல்போனும் வைத்திருக்கிறார். தனக்குப் பொருந்துவதை எடுக்கிறார், பொருந்தாததைத் தள்ளிவைத்துப் பார்க்கிறார். எது ஏன் பொருந்தவில்லை என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

அப்படியானால் எது சீக்கிரம் பரவுகிறது?

கொஞ்சமாக வாங்கிப் பார்க்க முடிவது, வரப்பில் நின்றால் பக்கத்து வயலிலேயே கண்ணுக்குத் தெரிவது, மற்ற வேலைகளை மாற்றச் சொல்லாதது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவே வேண்டாம். புது நெல் ரகம் அப்படித்தான் போகிறது, ஒருவர் வயலில் கதிர் நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டு அவர் வீட்டு வாசலில் விதை கேட்டு ஆள் நிற்கும். வாடகைக்குக் கிடைக்கும் எந்திரமும் அப்படியே, வாங்கவும் வேண்டாம், கற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

தேங்குவது எது என்றால், பத்துப் பேர் ஒத்துழைத்தால்தான் நடக்கும் காரியங்கள். எலி ஒழிப்பை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. வாய்க்கால் பாசனத்தில் ஒருவர் மட்டும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்ட முடியாது, மேல் வயலிலிருந்து தண்ணீர் வழிந்து வந்துகொண்டேதான் இருக்கும். மண்ணைத் திருத்தும் வேலைகளும் மெதுவாகத்தான் போகின்றன. பசுந்தாள் உரம் போட்டு மடக்கி உழுதால் பலன் சில ஆண்டுகளில் தெரியும், ஆனால் கடன் தவணை இந்த ஆண்டே வருகிறது.

விவசாயி யார் சொன்னால் கேட்கிறார்?

பக்கத்து வயல்காரர் சொன்னால். இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒட்டுரக மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரையன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளைக் கேட்டு 1943-இல் எழுதினார்கள். விதை விற்பவர் மூலம்தான் பலருக்கும் முதலில் சேதி தெரிந்திருக்கிறது, ஆனால் நம்பி விதைக்க வைத்தது அக்கம்பக்கத்து விவசாயிகள். எண்பது ஆண்டு கழித்து சேத்தியாத்தோப்பில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்பது என் எண்ணம்.

இந்த உண்மையை வைத்துத்தான் வேளாண் அறிவியல் நிலையம் என்ற ஏற்பாடே வந்தது, விவசாயி வயலிலேயே செய்துகாட்டுவது அதன் வேலை. இந்தியாவின் முதல் நிலையம் 1974-இல் நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில்தான் தொடங்கியது, அப்போது அதைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடத்தியது. அப்புறம் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி பக்கம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. இணையம் ஊருக்குள் வராத காலம் அது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில் கடல் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள், மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். அந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு, அந்த ஊர் ஆளையே வைத்துச் சொன்னது அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றைக்குத் தமிழக அரசின் உழவன் செயலி இருக்கிறது, வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, ஆனால் இலையில் புள்ளி விழுந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் போவது உரக்கடைக்குத்தான். கடைக்காரர் கடனுக்குத் தருகிறார், இரவு எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கிறது. அவரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு அவருக்கு முறையான பயிற்சி கொடுப்பதில் கவனம் வைத்தால் நிறைய வீண் மருந்து குறையும்.

ஒற்றை நாற்று நடவு இவ்வளவு பேசப்பட்டதே, ஏன் நிற்கவில்லை?

முழுசாக நிற்கவில்லை, ஆனால் தடமில்லாமல் போகவும் இல்லை. மடகாஸ்கரில் 1980-களில் உருவான முறை இது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக இடைவெளி, உருளும் களைக்கருவி, தண்ணீரைக் காயவிட்டுக் கட்டுவது. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். வழக்கமான நடவில் இதைப் போல பத்து மடங்கு போகும். நல்ல வடிகாலும் சொந்த போர் தண்ணீரும் உள்ள இடத்தில் தூர் வெடித்து வருவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும்.

ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண், ஆற்றுத் தண்ணீர் கீழணைக்கு வந்து வடவாறு வழியாக வீராணம் நிறைந்து மதகு திறக்கும்போதுதான் வயலுக்கு வரும், அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் தொட்டுவிடும். விரல் நீள நாற்றை நட்டு இரண்டு நாள் மழை கொட்டினால் வயலில் தண்ணீர்தான் தெரியும். கயிறு பிடித்துச் சதுரமாக நட ஆட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், அது நியாயமும்கூட, குனிந்து அளந்து நடுவது இரட்டை வேலை. களைக்கருவி காய்ந்த களியில் உருளாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழன்றது. மிச்சம் இருப்பது என்ன என்றால், விதை அளவைக் குறைத்தார்கள், நாற்றின் வயதைக் குறைத்தார்கள், குத்துக்கு ஏழு எட்டு நாற்று வைத்த இடத்தில் இரண்டு மூன்று வைக்கிறார்கள். கணக்கெடுப்பில் இவர்களைக் "கைவிட்டவர்கள்" என்று எழுதுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. தன் மண்ணுக்கு எது சரியோ அதை மட்டும் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

அறுவடை எந்திரம் வந்ததால் உண்மையில் என்ன மாறியது?

எங்கள் பக்கம் மிகப் பெரிய மாற்றம் இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான். ஆள் கிடைக்கவில்லை, கதிர் சாய்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்ற நிலையில் பெல்ட் வண்டி வந்து சில மணி நேரத்தில் அறுத்துத் தூற்றி நெல்லைக் கொட்டிவிட்டுப் போவது பெரிய நிம்மதி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வண்டி நெல்லோடு நிற்கவில்லை, அடுத்த பயிருக்குள்ளும் நுழைந்துவிட்டது.

நெல் தரிசு உளுந்து என்பது டெல்டாவின் பழைய நுட்பம். தை மாதம், நெல் அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, தண்ணீர் இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது முளைத்து வந்து இரண்டு இரண்டரை மாதத்தில் கைக்கு வரும். பூக்கும் சமயம் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை இரண்டு சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். வீட்டுக்கு இட்லி உளுந்தும் சித்திரைச் செலவுக்குப் பணமும் வரும், வேரில் தழைச்சத்து நிலத்துக்கும் சேரும். இவ்வளவும் கை அறுப்பை நம்பி இருந்த ஏற்பாடு, ஏனென்றால் அரிவாளோடு நடக்கும் ஆள் முளைத்த உளுந்தை நசுக்குவதில்லை.

வண்டி நசுக்குகிறது. பெல்ட் போன தடத்தில் முளை இல்லை, கொட்டிய வைக்கோல் வரிசையின் கீழே முளைத்தது வெளுத்து வதங்குகிறது. வண்டி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே தண்ணீரை வடித்துவிடுவதால் அந்த மெழுகுப் பதமும் கைக்கு வருவதில்லை. சிலர் வண்டி வருவதற்கு மூன்று நாலு நாள் முன்னால் மட்டும் தெளிக்கிறார்கள், முளை சின்னதாக இருந்தால் ஓரளவு தாங்கும். சிலர் விதையைக் கூட்டிப் போடுகிறார்கள். வைக்கோலைக் கட்டும் எந்திரத்தை உடனே இறக்கி வயலைக் காலி செய்தால் பயிர் மூச்சு விடும். போர் உள்ளவர்கள் அறுத்தபின் மேலாக ஓட்டி விதைத்து ஒரு தண்ணீர் கட்டுகிறார்கள், அப்போது செலவு ஏறுகிறது. ஒன்றும் முடியாதவர்கள் உளுந்தையே விட்டுவிட்டார்கள். நெல் அறுவடையில் மிச்சமான கூலியை மட்டும் எழுதி, போன உளுந்தை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கு அரைக் கணக்கு.

இன்னொன்று, ஈரம். கையால் அறுத்து அரி அரியாக (கைப்பிடிக் கத்தையாக) வயலில் போட்டு வைத்தால் தாளிலேயே நெல் காயும். வண்டி அறுத்த நெல் பச்சையாக வருகிறது, ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் வருகிறது. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே தார்ச்சாலையில் நெல் காய்வதையும், குவியலின் மேல் தார்ப்பாய் போட்டு விவசாயி இரவெல்லாம் காவல் இருப்பதையும் தை, மாசியில் பார்க்கலாம். அறுக்கும் வேகத்துக்கு ஏற்ற களமும் உலர்த்தியும் ஊருக்கு ஊர் வரவில்லை. அடுத்து அரசு எதற்காவது பணம் செலவிடுவதாக இருந்தால் அது இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வயலில் வேலை செய்த பெண்கள் என்ன ஆனார்கள்?

நடவும் களையும் பெண்கள் வேலை, அறுப்பிலும் பாதி அவர்கள். புழுதியிலேயே விதைக்கும் நேரடி விதைப்பு பரவியபோது நடவு போயிற்று, முளைக்கும் முன்னும் பின்னும் அடிக்கும் களைக்கொல்லிகள் வந்தபோது களை போயிற்று, வண்டி வந்தபோது அறுப்பு போயிற்று. "ஆள் கிடைக்கவில்லை, அதனால் எந்திரம்" என்று நிலக்காரர் சொல்வதும் உண்மை, "எந்திரம் வந்ததால் வேலை இல்லை" என்று அந்த வேலையை இழந்த அம்மா சொல்வதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன. நூறு நாள் வேலையும் கட்டட வேலையும் முந்திரி உடைக்கும் கூடங்களும் கொஞ்சம் பேரை எடுத்துக்கொண்டன. மற்றவர்களுக்கு வயல் வேலை ஆண்டில் சில வாரமாகச் சுருங்கிவிட்டது. கூலியாக நெல் கிடைத்த வீட்டில் இப்போது நெல் இல்லை. நடவு எந்திரத்துக்கு ஏற்றபடி பாய் நாற்றங்கால் போட்டுத் தருவது, நடவு எந்திரம் ஓட்டுவது, ஒரு பரு (ஒரே கணுவின் முளை) கரும்பு நாற்று வளர்ப்பது என்று மகளிர் குழுக்களுக்குச் சில வேலைகள் புதிதாக வந்திருக்கின்றன. போன வேலையோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் அதைப் பெரிதாக்க வழி இருக்கிறது.

வெள்ளம் தாங்கும் நெல் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், எந்த வெள்ளத்துக்கு என்று தெரிந்துகொண்டு. சி.ஆர். 1009 எங்கள் பக்கம் பழகிய நீண்டகால ரகம். அதில் சப்-1 என்ற மரபணுவைச் சேர்த்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. அந்த மரபணு ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. சாதாரணப் பயிர் மூழ்கினால் தலையை வெளியே நீட்ட வேகமாக வளர்ந்து, இருக்கும் சத்தையெல்லாம் செலவழித்து அழுகிவிடும். இது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம்வரை தாங்கித் தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

ஆனால் இதெல்லாம் பயிர் இளசாகத் தூர் கட்டும் பருவத்தில் முழுக்க மூழ்கினால்தான். பூக்கும்போது வந்தால், அறுப்பு நேரத்தில் சாய்ந்து மூழ்கினால், மாதக்கணக்கில் அரை அடி அழுக்குத் தண்ணீர் தேங்கினால் சப்-1 ஒன்றும் செய்யாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் மணலைக் கொண்டுவந்து வயலில் கொட்டியதுபோல் நடந்தால் எந்த விதையும் காப்பாற்றாது, அங்கே தேவை வடிகாலும் மணல் அள்ளும் உதவியும். இன்னொரு விஷயம், இது குண்டு நெல், சன்ன ரகத்தின் விலை கிடைக்காது. ஆகவே தாழ்ந்த வயலில் இதையும் மேட்டு வயலில் சன்ன ரகத்தையும் பிரித்துப் போடுவது புத்திசாலித்தனம்.

கரும்புக்குச் சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சமா?

அந்த வயலில் மிச்சம். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருப்பதால் கடலூர் மாவட்டக் கரும்புக்காரர்கள் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். ஐந்து அடி பார் (வரிசைக்கு வரிசை இடைவெளி), ஒரு பரு நாற்று, சொட்டுநீரிலேயே உரம் என்று மூன்றும் சேரும்போதுதான் அது சரியாக வேலை செய்கிறது. கரணையாக (வெட்டிய கரும்புத் துண்டாக) நட்டால் ஏக்கருக்கு 3, 4 டன் கரும்பு விதைக்கே போகும், நாற்றாக நட்டால் சுமார் 5000 போதும். அகலப் பார் விட்டால் நாளைக்கு வெட்டும் எந்திரமும் இறங்க முடியும், வெட்டு ஆள் கிடைக்காமல் கரும்பு காய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஊர் நிலத்தடி நீர் மிச்சமா என்றால் தானாக ஆகாது. விவசாய மின்சாரம் இலவசம், மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் நடத்தான் எல்லோருக்கும் தோன்றும். கடற்கரை ஓரத்தில் போர் ஆழமாகப் போகப் போக உப்பு ஏறுகிறது, உப்புத் தண்ணீர் சொட்டுவானையும் அடைக்கிறது. வடிகட்டியைக் கழுவுவது, அமிலம் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்வது, எலி கடித்த இடத்தை இணைப்பது, இதெல்லாம் மானியத்தில் வராது. போட்ட இரண்டாம் ஆண்டில் குழாயைச் சுருட்டி வரப்பில் போட்டவர்களிடம் கேளுங்கள், பழுதுபார்க்க ஆள் வரவில்லை என்பதுதான் முதல் காரணமாக இருக்கும்.

தானே புயலுக்குப் பிறகு முந்திரியில் என்ன நடந்தது?

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே, பண்ருட்டி பக்கம் தலைமுறையாக நின்ற முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அந்தத் துயரத்தில்தான் ஒட்டுக்கன்று முழு வேகத்தில் பரவியது. பழைய மரம் இருந்தவரை அதை வெட்டிவிட்டுக் கன்று வைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுகள் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். அடர் நடவில் ஐந்துக்கு நாலு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 200 மரம் வரும், பழைய இடைவெளியில் 80தான். அடர் நடவு கவாத்து (கிளை வெட்டுவது) இல்லாமல் ஓடாது, கிளைகள் மோதிக்கொண்டால் காய்ப்பு குறையும். அதைச் சொல்லாமல் கன்றை மட்டும் கொடுத்த இடங்களில் இப்போது தோப்பு இருட்டாக நிற்கிறது.

விளைச்சல் கூடினால் வருமானம் கூடுமா?

முதலில் மாறியவருக்குக் கூடும். எல்லோரும் மாறியதும் சரக்கு பெருகி விலை இறங்கும், அப்போது பழையபடிதான். 1958-இல் காக்ரேன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை விளக்கினார். நெல்லுக்கு அரசு தரும் குறைந்தபட்ச ஆதரவு விலை அந்த இறக்கத்துக்கு ஒரு தடுப்பு. காய்கறிக்கும் பலாவுக்கும் அந்தத் தடுப்பு இல்லை. ஆகவே விளைச்சல் கணக்கோடு யாரிடம் விற்பது என்ற கணக்கையும் சேர்த்தே போடுங்கள்.

நான் குத்தகைக்குப் பயிர் செய்கிறேன், எனக்கு ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை?

சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் நிலக்காரர் பெயரில் இருப்பதால். மானியம், பயிர்க்கடன் எல்லாம் அந்தக் காகிதத்தைத்தான் கேட்கின்றன. வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர் அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் இருப்பாரா என்றே தெரியாதபோது சொட்டுநீர்க் குழாய் பதிக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கணவர் வெளிநாட்டில், நிலம் மாமனார் பெயரில், வயலைப் பார்ப்பது மருமகள் என்றால் அவர் நிலைமையும் இதேதான். இப்போதைக்குச் செய்யக்கூடியது, நிலக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பதும், பயிர் செய்வது நீங்கள்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்பதும்.

ட்ரோன் வாங்கலாமா?

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பத்து லிட்டர் தொட்டியில் ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் அடித்துவிடும், சேற்றில் கால் வைக்க வேண்டாம், மருந்து உடம்பில் படுவதும் குறையும். 2023-இல் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில் ட்ரோன் தருகிறார்கள், அப்படி வாங்கிய குழு பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். உழவு, அறுவடை எந்திரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியைப் பாருங்கள். காற்று அடிக்கும்போது ட்ரோனில் அடிக்கவே கூடாது, பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலோ இறால் குட்டையிலோ விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம்.

புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க நினைக்கிறேன், எப்படித் தொடங்குவது?

பத்து சென்டில் தொடங்குங்கள். பக்கத்திலேயே அதே மண், அதே தண்ணீர், அதே நாளில் உங்கள் பழைய முறையில் இன்னொரு பத்து சென்ட் வையுங்கள், இல்லாவிட்டால் விளைந்தது முறையாலா மழையாலா என்று தெரியாது. கூலி, மருந்து, வண்டி வாடகை எல்லாவற்றையும் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள், உங்கள் வீட்டு ஆட்களின் வேலையையும் கூலியாகப் போட்டு எழுதுங்கள். அறுவடையோடு நோட்டை மூடாதீர்கள், அடுத்த பயிர் எப்படி வந்தது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும், உளுந்துக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். ஒரு நல்ல மழை ஆண்டு, ஒரு மோசமான ஆண்டு இரண்டையும் பார்த்தபின் பரப்பைக் கூட்டுங்கள். விற்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது கெட்டால் யார் வந்து சரி செய்வார், எத்தனை நாளில்? போன ஆண்டு அதை வாங்கிய ஒருவரின் வயலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், விற்க வந்தவர் இல்லாதபோது நீங்களே ஒருமுறை போய் அந்த விவசாயியிடம் பேசிவிட்டு வாருங்கள்.